வந்து வந்து போகும் கரண்ட்: மோட்டார் சைக்கிளில் கோளாறு எங்கே?

இப்போது லயத்துக்கு லயம் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் டவுனுக்கு ஓட அதுதான் கைகொடுக்குது. அப்படிப் போகிற நேரம் பார்த்து, பனிமூட்டத்தில், மலை வளைவில் லைட்டும் எஞ்சினும் பட்டென்று செத்துப்போனால் என்ன செய்வது? விடிந்து கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால், அங்கே ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும்! "ஒன்னும் இல்லையே" என்பார் ஒருவர். "பற்றரியை மாத்துங்க" என்பார் இன்னொருவர். நகையை அடகு வைத்துப் பற்றரி வாங்கிப் போட்டு, ஒரு வாரத்தில் திரும்பவும் அதே கதை என்று பலரும் நம்மிடம் சொல்வதுண்டு. ஆகவே இம்முறை இதைப் பற்றிப் பேசுவோம்.

அடியோடு செத்த கோளாறைப் பிடிப்பது சுலபம். வந்து போகிற கோளாறு, அது வருகிற நேரத்தில்தான் பிடிபடும். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது ஸ்பேனர் இல்லை, பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று. இரண்டு விசயத்தை அதில் எழுதுங்கள்: எப்போது போகுது? எதெல்லாம் சேர்ந்து போகுது?

ஹேண்டிலைத் திருப்பும்போது போனால், ஹேண்டில் கழுத்தில் மடிந்து மடிந்து நிமிரும் வயர்களில்தான் சந்தேகம். குழியில் விழும்போது போனால் பற்றரி முனை, பியூஸ் பிடிக்கும் கிளிப், பல்பு ஹோல்டர். மழையில் மட்டும் என்றால் சுவிட்சுகள், பிளக் மூடி, வயர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இடங்கள். மஸ்கெலியா, டிக்கோயா பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இந்த வகைதான் கூடுதலாக வரும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பிக்கப் கொயில், சி.டி.ஐ. பெட்டி இரண்டையும் நினைக்கலாம். ஆனால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வண்டி நின்றதும் பெற்றோல் டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் கரண்டில் குற்றமில்லை, மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கும்.

இனி, எதெல்லாம் சேர்ந்து போகுது? லயத்துக் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் அந்த வீட்டுக் குழாயில் பிழை. எல்லா வீட்டிலும் வரவில்லை என்றால் மேலே தாங்கியிலோ பெரிய குழாயிலோ பிழை. அதுபோல ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட் எல்லாம் சேர்ந்து போனால் பற்றரி முனை, பியூஸ், சாவி சுவிட்ச், எர்த் இவற்றில் ஒன்று. ஹோர்ன் நன்றாக அடிக்க, எஞ்சின் மட்டும் நின்றால் எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச், சில வண்டிகளில் சைட் ஸ்டாண்ட் சுவிட்ச், பிக்கப் வயர். சிறிய வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் ஹெட்லைட்டும் பற்றரி இல்லாமலேயே ஓடும். அதனால் எஞ்சின் ஓடுது என்பதற்காகப் பற்றரிப் பக்கம் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

இனிச் சோதனை. 12 வோல்ட் சிக்னல் பல்பு ஒன்றில் இரண்டு நீட்டு வயர் கட்டுங்கள். ஒரு நுனியைப் பற்றரியின் நெகட்டிவ் முனையில் மாட்டுங்கள். சாவியைப் போட்டு, மற்ற நுனியைப் பற்றரி பொசிட்டிவ், பியூஸுக்கு முன், பியூஸுக்குப் பின், சாவி சுவிட்சுக்கு முன், பின் என்று வரிசையாகத் தொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வீட்டில் ஒருத்தர் ஹேண்டிலைத் திருப்ப, வயரை ஆட்ட, மற்றவர் பல்பைப் பார்க்கட்டும். எந்த இடத்தில் பல்பு கண் சிமிட்டுதோ, அதற்கும் முந்திய நல்ல இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. பிக்கப், சி.டி.ஐ. வயர்களில் மட்டும் இந்தப் பல்பை வைக்க வேண்டாம்.

மீட்டர் இருக்க பல்பு எதற்கு என்று கேட்கலாம். வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் அப்படிப்பட்ட வயரால் பல்பைச் சரியாக எரிக்க முடியாமல் போகலாம். மீட்டர் மறைப்பதைப் பல்பு காட்டிக்கொடுக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவரின் வண்டி வலது வளைவில் மட்டும் நிற்கும். எஞ்சின், ஹோர்ன் எல்லாம் சேர்ந்தே போகும். இரண்டு பற்றரி மாற்றியாயிற்று. பல்பு வைத்துப் பார்த்தபோது சாவி சுவிட்சுக்குக் கீழே சிமிட்டியது. சிவப்பு வயருக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மெதுவாக இழுத்தபோது ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. யாரோ வயரை இறுக்கிக் கட்டியதால் வந்த வினை. செலவு ஒரு சாண் வயர்தான். இப்படிப்பட்ட இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் மழைக்குத் தாங்காது. ஈயம் வைத்து ஒட்டி, ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடவேண்டும்.

எர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பற்றரி நெகட்டிவ் வயர் போய்ச் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயின்டும் போக சேண்ட் பேப்பரால் தேய்த்து இறுக்குங்கள். மீட்டர் இருந்தால் பிரேக் லைட்டைப் போட்டு, நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே அளக்கலாம். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பியூஸ் அடிக்கடி எரிந்தால் சிகரெட் பெட்டி வெள்ளிக் கடதாசியைச் சுற்றுகிற பழக்கம் நம்மவரிடம் உண்டு. பெற்றோல் டேங்குக்குக் கீழே நெருப்பு வைப்பதும் அதுவும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக, பியூஸ் இருந்த இடத்தில் அதே சோதனைப் பல்பின் இரண்டு நுனியையும் மாட்டி, லைட்டுகளை அணைத்துவிட்டு வயர்களை ஆட்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிற நேரம் உங்கள் கை இருக்கும் இடத்தில்தான் வயர் இரும்பில் உரசுது.

பற்றரியையும் அளந்துவிடலாம். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி, வண்டி நிற்கையில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சினை ஓரளவு வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். ஏறாவிட்டாலும், 15ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டர் பக்கம் பார்க்கவேண்டும். அது கராஜ் வேலை. போகும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள்.