வக்கீலின் கறுப்பு அங்கி நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும், தெரியுமா?

1988 முதல் 2025 வரை, 37 ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் சட்ட அமைச்சராக இருந்தவர்கள் இரண்டே பேர்; இருவருமே தமிழர்கள், தெரியுமா? முதலில் எஸ். ஜெயக்குமார், அவரை அடுத்து 2008-ல் கா. சண்முகம். 2012-ல் தலைமை நீதிபதியான சுந்தரேஷ் மேனன்தான் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளியினர்!

“சட்டப் படிப்பெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு” என்று தேக்கா சந்தையில் ஓர் அம்மா சொல்லக் கேட்டேன். மனசு கேட்கவில்லை. அம்மா, சுபாஷ் ஆனந்தன் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? கேரளத்தில் 1947-ல் பிறந்து, செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா அங்கே ஒரு கிளார்க். மகனோ நாடறிந்த குற்றவியல் வழக்கறிஞர்! 1976-ல் அவரையே விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்தவர் மறுபடியும் அங்கியை மாட்டிக்கொண்டு, ஊரே வெறுத்த கொலைக் குற்றவாளிகளுக்காகவும் வாதாடினார். கையில் காசில்லாதவர்களுக்கும் அவர் கைகொடுத்தார். 2015-ல் மறைந்தார். சிறையிலிருந்து திரும்பியவர்கள் படிக்க இன்று அவர் பெயரில் உதவித்தொகை இருக்கிறது. வேறென்ன பெருமை வேண்டும்!

யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் லண்டனுக்குப் போனதும் சட்டம் படிக்கத்தான், தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது, படிப்பும் நின்றது. ஆனாலும் நம் பிள்ளைகள் தினமும் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் அவர்தான்!

இன்று வழிகள் பல. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலேயே சட்டமும் நிர்வாகமும் சேர்ந்த பட்டயப் படிப்பு உண்டு. 2017-ல் தொடங்கிய சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி, வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே குற்றவியலுக்கும் குடும்பச் சட்டத்துக்கும்தான் முதலிடம். படிப்பில் கைகொடுக்க 1991-ல் பிறந்த சிண்டா, லிட்டில் இந்தியாவை ஒட்டிய பியாட்டி சாலையிலேயே இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள்.

நம் பிள்ளைகள் ஏன் வரவேண்டும்? 2013 லிட்டில் இந்தியா கலவரத்தை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம். ஆனால் அன்றாட வழக்குகளுக்கும் நம்மவர் வேண்டும்: அந்த லிட்டில் இந்தியாத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் சம்பளம் வராதவரும் உண்டு, வேலையிடத்தில் கை நசுங்கியவரும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அவர்கள் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆனால் ஓர் ஊழியர் “மேஸ்திரி கையெழுத்துப் போடச் சொன்னாருங்க” என்னும்போது அந்தக் குரலில் இருக்கும் பயத்தைத் தமிழ் தெரிந்த வக்கீல் அந்த நொடியே பிடித்துவிடுவார்!

இன்னொன்று தெரியுமா? நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணமே கிடையாது. பள்ளி விடுமுறையில் ஒருநாள், ஹேவ்லாக் ஸ்குவேரில் 35 மாடி உயரத்தில் நிற்கும் அரசு நீதிமன்றத்துக்கு உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.