கிழ நாயும் கல்வராயன் சாமையும்

மனிதனுக்கு வயதாகிவிட்டால், "இது ஒத்துக்கொள்ளவில்லை, அது ஒத்துக்கொள்ளவில்லை" என்று வாயால் சொல்லிக்கொள்ள முடிகிறது. காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஆள் இல்லாமற் போகலாம். அது வேறு விஷயம். நாய்க்கோ அந்த வசதியும் இல்லை. காதைச் சொறிகிறது, பாதத்தை நக்குகிறது, போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. அதன் பாஷை அவ்வளவே. கள்ளக்குறிச்சியில் நமது வீட்டுத் திண்ணையைப் பன்னிரண்டு வருஷங்களாகக் காவல் புரிந்து வரும் 'வீரன்' இந்தப் பாஷையில் நம்மிடம் ஓயாமல் முறையிட்டுக் கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆறு மாதம் பிடித்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

வீரன் இராஜபாளையமும் அல்ல, சிப்பிப்பாறையும் அல்ல. தெருவில் பிறந்து நம் வாசலில் வளர்ந்த சுத்தமான நாட்டு நாய். இளமையில் கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கும் வயிறு அதற்கு. காலையில் இட்லி, மத்தியானம் நமது அத்தை தன் கையால் பிசைந்து வைக்கும் பால் சோறு, மாலையில் பிஸ்கட்டு, இரவில் எதிர் வீட்டார் மிச்சம் வைக்கும் கோழித் துண்டு. நமது வீடு சைவ வீடுதான். ஆனால் வீரனின் சைவம் எதிர் வீட்டு வாசற்படி வரையில்தான் செல்லும்.

பன்னிரண்டாம் வயதில் எல்லாம் தலைகீழாயிற்று. இரவெல்லாம் வயிற்றில் கடமுடவென்று சப்தம். மாதத்தில் பாதி நாள் பேதி. காதுக்குள்ளே செக்கச்செவேலென்று சிவப்பு. தொடையிடுக்கில் ரோமம் உதிர்ந்து, தோல் கறுத்துத் தடித்துவிட்டது.

யோசனை சொல்ல ஊரில் பஞ்சமா? ஒருவர் வேப்பெண்ணெய் என்றார். ஒருவர் கந்தகம் என்றார். மூன்றாமவர், கிழ நாய்க்கு மாமிச சத்தே ஆகாது, வெறும் கஞ்சியை ஊற்றுங்கள் என்றார். இந்த மூன்றாவது யோசனை மிக்க மரியாதையுடன் எங்கும் உலவி வருவது, ஆனால் தவறானது. முதுமையில் நாயின் தசை தானாகவே கரைகிறது. சிறுநீரகம் கெட்டிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து வைத்தியர் சொன்னாலொழிய, புரதத்தைக் குறைப்பது அந்தக் கரைவை இன்னும் விரைவுபடுத்துவதேயாகும். நாமோ கஞ்சியைத்தான் ஊற்றினோம். இரண்டே வாரத்தில் வீரனின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலாயிற்று. ஒரு நாள் காலை அது திண்ணைப் படியில் ஏற முடியாமல் கீழேயே நின்று நம்மைப் பார்த்தது. அப்போதுதான் நமக்கு உண்மையில் பயம் பிடித்தது.

மிருக வைத்தியர் ஆகாரத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. தெள்ளுப் பூச்சி இருக்கிறதா, உண்ணி இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்தார். மலத்தில் புழு உண்டா என்று பார்த்தார். ரத்தம் எடுத்தார். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அழுகிப் போன பற்களை எடுத்துவிட வேண்டும் என்றார். அரிப்பால் அவதிப்படும் நாய்களில் பெரும்பாலானவை தெள்ளுப் பூச்சியினாலும், தூசி மகரந்தம் முதலியவற்றாலும்தான் அவதிப்படுகின்றனவாம். அவற்றையெல்லாம் விலக்கிய பிறகே தட்டில் குற்றவாளியைத் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. வீரனுக்குச் சிறுநீரகம் சரியாகவே இருந்தது. பூச்சிக்கு மருந்து போட்டும் அரிப்பு நிற்கவில்லை. ஆகவே தட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பில், ஆகார ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் விவரங்கள் கண்டிருக்கின்றன. மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாதவை 34 சதவிகிதம், பால் பதார்த்தங்கள் 17, கோழி 15, கோதுமை 13. நாம் எல்லாரும் சந்தேகிக்கும் அரிசியோ பட்டியலின் அடியில் எங்கேயோ கிடக்கிறது. வீரனின் தினசரி ஆகாரத்தை இந்தப் பட்டியலுடன் ஒத்துப் பார்த்தோம். பால், கோழி, கோதுமை பிஸ்கட்டு ஆகிய மூன்றும் தவறாமல் இருந்தன! எந்தப் பண்டம் ஒவ்வாதது என்பதை ரத்தத்தையோ ரோமத்தையோ சோதித்து நம்பிக்கையாகச் சொல்லிவிட முடியாது. ஒரே வழிதான் உண்டு. நாய் இதற்கு முன் தின்றே அறியாத ஒரு மாமிசம், ஒரு தானியம். இவற்றைத் தவிர எட்டு வாரங்களுக்கு வேறு எதுவும் வாயில் படக்கூடாது. அதன் பிறகு பழைய பண்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் மருத்துவத் தீனியையும் வைத்தியர் காட்டினார். புரதத்தை, உடம்பு அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி, மிகச் சிறு துணுக்குகளாகச் சிதைத்துச் செய்திருக்கிறார்களாம். நல்ல சரக்குதான், விலையைக் கேட்டதும் நமக்கே பேதியாகிவிடும் போலிருந்தது. நாய்க்கென்று பிஸ்கட்டு செய்து விற்கும் வியாபாரத்தை 1860-ஐ ஒட்டி லண்டனில் ஆரம்பித்தவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். அதற்கு முன் பல்லாயிரம் வருஷங்களாக நாய்கள் என்ன தின்று பிழைத்தன? மனிதன் தின்றதில் மிச்சத்தைத்தான். 2013-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டபடி, மாவுச் சத்தை ஜீரணிக்கச் செய்யும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே உண்டு. நாய்க்கோ நான்கு முதல் முப்பது வரை. மனிதன் உழுது பயிரிட்ட தானியத்தைப் பங்கு போட்டுத் தின்றே நாய் நாயாயிற்று போலும்!

இந்த இடத்தில் கல்வராயன் மலை நமக்குக் கை கொடுத்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் மலையாளிகளின் ஊர்கள். (கேரள தேசத்தார் அல்ல, காஞ்சீபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தங்கள் பூர்விகத்தைக் கூறும் மலை வாசிகள்.) அவர்களுடைய பழைய பயிர் சாமையும் தினையும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளி கொண்டு வந்து நம் வீட்டில் கொடுக்கும் பெரியவர் ஒருவர், "எங்க ஊர் நாயெல்லாம் சாமைக் களிதான் சாமி தின்னுது" என்றார். வீரன் சாமையைக் கண்டதே இல்லை. வைத்தியரிடம் கேட்டோம், உமி நீக்கி, நன்றாகக் குழைய வேகவைத்து, சிறிது சிறிதாகப் பழக்கினால் ஆட்சேபணை இல்லை என்றார். பெரியவர் மரவள்ளிக் கிழங்கையும் சிபார்சு செய்தார். அதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்; பச்சைக் கிழங்கிலும் தோலிலும் விஷமாக மாறும் சத்து உண்டு. தோல் உரித்து நன்றாக வேகவைக்காமல் மனிதருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. நாம் சாமையோடு நின்றோம். மலைத் தானியம் என்ற அபிமானத்தினால் அல்ல. வீரனுக்குப் புதிது என்பதே அதன் யோக்கியதை. சாமை தின்று வளர்ந்த மலை நாய்க்கு இதே வியாதி வந்தால் வேறு தானியத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மாமிசத்துக்கு மீன் என்று தீர்மானமாயிற்று. சைவ வீட்டில் மீனை எங்கே வேகவைப்பது? எதிர் வீட்டு அம்மாள், "இத்தனை நாள் கோழியைப் போட்டுக் கெடுத்தது நான்தானே" என்று தாமே ஏற்றுக்கொண்டார். உப்பு, காரம், எண்ணெய், வெங்காயம் எதுவும் இல்லாமல் அவித்து, முள்ளை ஒன்று விடாமல் எடுத்து, சாமையுடன் பிசைந்து ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். கிழ வயிற்றுக்கு ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுப்பது ஆகாது. மீனும் சாமையும் மட்டுமே நெடுநாள் போதாது என்று வைத்தியர் சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புக்களும் அளவு சொல்லி எழுதிக் கொடுத்தார். 'சுண்ணாம்பு' என்றதும் அத்தை வெற்றிலைப் பெட்டியை எடுத்து வந்துவிட்டாள். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டோம்.

மூன்றாம் வாரத்தில் பேதி நின்றது. நான்காம் வாரத்தில் வீரன் ஓர் இரவு முழுவதும் சொறியாமல் தூங்கிற்று. ஐந்தாம் வாரத்தில் மறுபடியும் காது சிவந்தது, வயிறு கடகடத்தது. சாமையைச் சந்தேகித்தோம், மீனைச் சந்தேகித்தோம், எதிர் வீட்டைக் கூடச் சந்தேகித்தோம். கடைசியில் கொல்லைப் பக்கம் கிணற்றடியில், கவிழ்த்து வைத்திருந்த ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால், விளிம்பில் உலர்ந்த பாலாடை!

அத்தை மறுக்கவில்லை. "பன்னிரண்டு வருஷமா என் கையாலே தின்ற வாயில்லாப் பிராணி, அடுக்களை வாசலிலே வந்து நிக்கறதடா. எப்படியடா வெறுங்கையோடே போன்னு சொல்றது?" என்றாள். இதற்குப் பதில் எந்த வைத்தியப் புஸ்தகத்திலும் இல்லை. நமக்குக் கோபம் வந்தது உண்மை. அத்தையின் கண்ணைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அவளை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் வீரனின் காதை மடித்து, உள்ளே இருந்த புண்ணை அவளுக்குக் காட்டினார். வீடு திரும்பும் வரையில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் முதல் எட்டு வாரமும் புதிதாக எண்ணத் தொடங்கினோம். இம்முறை தவறவில்லை. தொடையில் ரோமம் முளைத்தது. உடம்பில் சதை பிடித்தது. திண்ணைப் படி வசப்பட்டது. பிறகு கோழியைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரம் சென்றும் ஒன்றும் நேரவில்லை. பாலைக் கொடுத்த மூன்றாம் நாளே பழைய கதை திரும்பிற்று. கோதுமையைச் சோதிக்க, அதன் வயதைக் கருதி, நமக்கு மனம் வரவில்லை. பிஸ்கட்டு இல்லாமலே வீரன் காலம் தள்ளட்டும்.

இப்போது அத்தைக்கென்று ஒரு பங்கை வைத்தியரே அனுமதித்திருக்கிறார். உப்பில்லாமல் அவித்த பரங்கிக்காய், நாளைக்கு இரண்டு துண்டு. மத்தியானம் மணி பன்னிரண்டு ஆனதும் வீரன் அடுக்களை வாசலில் போய் நிற்கிறது. அத்தை துண்டைக் கையிலே வைத்து மசித்து நீட்டுகிறாள். "மெல்லத் தின்னுடா, பல்லில்லாத கிழவா" என்கிறாள். அத்தைக்கும் கீழ் வரிசையில் மிச்சம் இரண்டே பற்கள்தான்.