சூப்பர் ஹீரோக்களின் பேரேடு!

வீட்டில் பணக்கஷ்டம் வந்தால் எதை அடகு வைப்போம்? மனைவியின் செயின், அம்மாவின் வளையல், ரொம்ப நெருக்கடி என்றால் வீட்டுப் பத்திரம். 2005-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பத்து காமிக்ஸ் சமாச்சாரங்களை அடகு வைத்தது. அதில் முக்கால்வாசி சூப்பர் ஹீரோக்கள்!

ஜோக் இல்லை சார். மார்வெல் கம்பெனிதான். மெரில் லின்ச் என்ற நிதி நிறுவனத்தின் ஏற்பாட்டில் 52.5 கோடி டாலர் கடன். ஜாமீன்? கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன் இத்யாதிகளின் பட உரிமை. எடுக்கிற படங்கள் ஊற்றிக்கொண்டால் அந்த உரிமை கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். அதாவது கேப்டன் அமெரிக்கா, கேடயத்தோடு ஏலத்துக்கு வந்திருப்பார்.

அப்படி என்ன தலைபோகிற அவசரம்? 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்த கம்பெனி அது. தொண்ணூறுகளிலேயே நல்ல சரக்கின் பட உரிமையை எல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிட்டிருந்தார்கள். எக்ஸ்-மென் ஃபாக்ஸிடம். ஸ்பைடர்மேன் சோனியிடம். முதல் பெஞ்ச் பையன்கள் எல்லாம் வேறு ஸ்கூலுக்குப் போய்விட, மிச்சம் இருந்த கடைசி பெஞ்சை வைத்துத்தான் ஸ்டேட் ரேங்க் வாங்கக் கிளம்பினார்கள்.

வாங்கினார்களா, இல்லையா என்பது ஊருக்கே தெரியும். நான் பி.காம். ஆசாமி. எனக்கு இந்தக் கடன் கதைதான் முதலில் பிடித்தது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது: இந்தப் படங்கள் நன்றாக இருந்தபோதெல்லாம், அவற்றின் கதையும் ஒழுங்காகக் கணக்கு எழுதியிருக்கிறது. ஒரு படத்தின் இறுதி இருப்பு, அடுத்த படத்தின் ஆரம்ப இருப்பு. எதையும் ரப்பரால் அழிக்கவில்லை. எனக்குப் பிடித்த படங்களை இந்தக் கண்ணோடுதான் சொல்லப்போகிறேன். (பார்க்காதவர்கள் மன்னிக்கவும், க்ளைமாக்ஸ்களைப் போட்டு உடைக்காமல் கணக்குச் சொல்ல முடியாது.)

ஸ்டாக் எடுக்கப் போன முதலாளி

முதல் படம் 'அயன் மேன்', 2008. டைரக்டர் ஜான் ஃபேவ்ரோ. ஹீரோ ராபர்ட் டௌனி ஜூனியர். போதைப் பழக்கத்தால் ஜெயில்வரை போய் மீண்டு வந்தவர். 'இவரை நம்பி எப்படிப் பணம் போடுவது?' என்று கம்பெனிக்குள்ளேயே தயக்கம். ஃபேவ்ரோ விடாப்பிடியாக நின்றார்.

கதாநாயகன் டோனி ஸ்டார்க் ஆயுத வியாபாரி. ஆப்கானிஸ்தானில் மாட்டிக்கொள்கிறான். மார்பில் சில்லுகளைப் பாய்ச்சுகிற ஏவுகணையின் மேல் யார் பெயர்? அவன் கம்பெனி பெயர்! குகையில் கூட அடைபட்டிருக்கும் டாக்டர் யின்சென் அவனைக் காப்பாற்றிவிட்டுத் தன் உயிரை விடுகிறார். ஊர் திரும்பிய டோனி செய்கிற வேலைகளில் ஒன்று, 'என் சரக்கு யார் யாருக்குப் போகிறது?' என்று பார்ப்பது. சட்டையைக் கிழித்துக்கொண்டு வானத்தில் பறக்கிற ஹீரோக்களுக்கு நடுவே, ஸ்டாக் செக் பண்ணக் கிளம்பிய முதல் ஹீரோ இவன்தான். பார்ட்னரே இரண்டு பக்கமும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறபோது, நம்மூர் ஆடிட்டர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

படம் உலகம் முழுக்க 58 கோடி டாலருக்கு மேல் வசூல். அடுத்த வருஷமே டிஸ்னி கம்பெனி ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தது. அடகுச் சீட்டைக் கிழித்துப் போடலாம்!

லிஃப்ட்டில் பத்து பேர்

ஆபீஸ் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம், 'கேப்டன் அமெரிக்கா: தி வின்ட்டர் சோல்ஜர்' (2014). டைரக்டர்கள் ரூஸோ சகோதரர்கள், டி.வி. காமெடித் தொடர்களிலிருந்து வந்தவர்கள். எடுத்தது என்னவோ எழுபதுகளின் அரசியல் த்ரில்லர் ஜாதிப் படம். அந்தக் காலத்து த்ரில்லர் ஹீரோ ராபர்ட் ரெட்ஃபோர்டையே பெரிய அதிகாரியாகப் போட்டார்கள்.

கேப்டன் வேலை பார்க்கிற 'ஷீல்டு' என்பது சாட்சாத் ஒரு ஆபீஸ். கூட வருகிறவளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாது. மேலதிகாரி பாதி ஃபைலைத்தான் காட்டுவார். லிஃப்ட்டில் ஏறினால் மாடிக்கு மாடி ஆட்கள் ஏறுகிறார்கள். ஒருத்தன் நெற்றியில் வியர்வை. நமக்கும் ஆபீஸ் லிஃப்ட்டில் வியர்த்திருக்கிறது, இன்க்ரிமென்ட் சமயத்தில். கேப்டன் மட்டும்தான் அடிப்பதற்கு முன்னால், இறங்குகிறவர்கள் இறங்கிவிடலாம் என்று மரியாதையாகக் கேட்கிறார்.

எனக்குப் பிடித்த ஹீரோ அந்தப் படத்தில் வேறொருவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன். போர்க்கப்பல்களைக் கிளப்பு என்று மேலதிகாரி தலைக்குப் பின்னால் துப்பாக்கியை வைக்கிறான். மேலே போனால் அவை லட்சக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளும். பையன் நடுங்குகிறான். கண் கலங்குகிறது. 'முடியாது சார்' என்கிறான். சக்தி கிடையாது, கேடயம் கிடையாது, சம்பளமும் பெரிதாக இருக்காது. சொல்லிவிட்டான்! அடுத்த வருஷம் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில், கப்பலிலிருந்து ஜனங்களை மீட்கிற வேலையில் அதே பையன் மறுபடி இருக்கிறான். ஒரு கிளார்க்கின் கணக்கைக்கூட முடித்துவிடாமல் முன்னே எடுத்துப் போயிருக்கிறார்கள். இதற்குத்தான் சார் விசில்.

இடிந்த கட்டடத்துக்கு யார் பில்?

எல்லா சூப்பர் ஹீரோ படத்திலும் கடைசி அரை மணி கட்டடங்கள் இடியும். ஹீரோ புன்னகைப்பார். ஜனங்கள் கை தட்டுவார்கள். 'அடியில் மாட்டினவன் கதி?' என்று யாரும் கேட்பதில்லை. 2012-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்' நியூயார்க்கைப் பாதி இடித்துவிட்டு 150 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் 2013-ல் 'அயன் மேன் 3' வந்தபோது, அந்தச் சண்டையின் நினைப்பில் டோனிக்குத் தூக்கம் இல்லை, நடுநடுவே மூச்சு முட்டுகிறது. பயத்தில், உலகத்தைக் காக்க ஓர் இயந்திர மூளையைச் செய்கிறான். அதுதான் அல்ட்ரான். அது சொகோவியா என்ற கற்பனை நாட்டில் ஒரு நகரத்தையே பெயர்த்து ஆகாயத்தில் தூக்குகிறது.

2016-ல் 'சிவில் வார்'. பில் வந்துவிட்டது! சொகோவியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், மகனின் போட்டோவை டோனி கையில் திணிக்கிறாள். 117 நாடுகள் சேர்ந்து, இனி கேட்காமல் பறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடுகின்றன. டோனி சரி என்கிறான், கேப்டன் மாட்டேன் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்! பட்டிமன்ற நடுவரே திணறுவார்.

வில்லன் ஜீமோ அதைவிட ஜோர். பறக்க மாட்டான், இரும்பு உடம்பு கிடையாது. அப்பா, மனைவி, மகன் மூவரையும் சொகோவியாவில் இழந்தவன். செல்போனில் மனைவி விட்டுப்போன குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். இவர்களை வெளியிலிருந்து அடித்து ஜெயிக்க முடியாது, உள்ளுக்குள்ளேயே மோதவிடலாம் என்று கண்டுபிடிக்கிறான். ஜெயித்தும் விடுகிறான். நம்மூர்க் கூட்டுக்குடும்பங்கள் உடைகிற அதே முறை! அவனால் அப்பாவை இழந்த பிளாக் பேந்தர், கையில் கிடைத்தவனைக் கொல்லாமல், அவன் தற்கொலையையும் தடுத்துச் சட்டத்திடம் கொடுக்கிறான். அந்த வேஷத்தில் நடித்த சாட்விக் போஸ்மன் குடல் புற்றுநோயால் 2020-ல், 43 வயதில் இறந்துபோனார். நோய் தெரியவந்த வருஷம் 2016. அதற்குப் பிறகுதான் 2018-ன் 'பிளாக் பேந்தர்' படத்தின் சண்டைகள் எல்லாம். தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், எந்த சூப்பர் ஹீரோ என்ற கேள்விக்கு பதில் மாறிவிடுகிறது.

நடுவில் கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ண 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' (2014). ஒரு திருடன், ஒரு ரக்கூன், ஒரு மரம். மரத்துக்கு மொத்தமே மூன்று வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டே படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ('பார்க்கலாம் சார்' என்ற இரண்டே வார்த்தையில் இருபது வருஷ சர்வீஸை ஓட்டியவர்கள் நம் ஆபீஸிலும் உண்டு.) கடைசியில் அந்த மரம் நண்பர்களைக் கிளைகளால் மூடிக்கொள்ளும்போது அந்த வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கர்சீஃப் தேடுவார்கள்.

பதினோரு வருஷக் கணக்கு

2018-ல் 'இன்ஃபினிட்டி வார்'. வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான். உலகத்தில் பாதி உயிர்கள் தூசியாகின்றன. படம் முடிந்துவிட்டது. வில்லன் நிம்மதியாகச் சூரிய உதயம் பார்க்கிறான்! டிக்கெட் காசு கொடுத்தவன் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் 'எண்ட்கேம்'. மூன்று மணி நேரப் படம். முதல் ஒரு மணி நேரம் சண்டை குறைவு, துக்கம்தான் அதிகம். ஒருத்தி ஆபீஸிலேயே சாண்ட்விச் தின்றுகொண்டு இரவு பகல் உட்கார்ந்திருக்கிறாள். இடியின் கடவுள் பீரும் தொப்பையுமாக ஆகிவிட்டான். டோனிக்கு மட்டும் ஒரு மகள், ஏரிக்கரையில் வீடு. இழப்பதற்கு அவனுக்குத்தான் ஏதோ இருக்கிறது. அதைக் கொடுப்பவனும் அவன்தான்.

அவன் இறந்தபின், பசிக்குதா என்று அந்தக் குழந்தையைக் கேட்கிறார் அப்பாவின் நண்பர். சீஸ்பர்கர் வேண்டும் என்கிறது. 2008-ல் குகையிலிருந்து தப்பி வந்த டோனி முதலில் கேட்டதும் அதேதான். கேட்ட நண்பராக நடித்தவர் யார்? முதல் படத்தின் டைரக்டர் ஜான் ஃபேவ்ரோ! ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் இதைவிட அழகாக டாலியான பேரேட்டை நான் பார்த்ததில்லை.

உலக வசூல் சுமார் 280 கோடி டாலர். 'அவதார்' சாதனையை முறியடித்தது. (2021-ல் சீனாவில் மறுபடி ரிலீஸாகி 'அவதார்' அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது தனிக்கதை.) தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். 'பழைய குரலே நல்லாத்தானே இருந்துச்சு' என்று நம் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். குரல் மாறினதுக்கே சண்டை போடுகிறவன் ரசிகன் அல்ல சார், சொந்தக்காரன்!

அப்புறம்?

அப்புறம் ஓவர் புரொடக்ஷன். படங்கள் போதாதென்று 2021 முதல் வீட்டு டி.வி.யில் தொடர் மேல் தொடர். ஒரு படம் புரிய மூன்று தொடர் பார்க்கணும் என்றால் அது பொழுதுபோக்கா, அரியர்ஸா? 2023-ல் வந்த 'தி மார்வெல்ஸ்' சுமார் 20.6 கோடி டாலரோடு நின்றது. அதுவரை வந்த இந்த வரிசைப் படங்களிலேயே குறைந்த வசூல்.

எண்ணிக்கையைக்கூட மன்னிக்கலாம். 'பல பிரபஞ்சங்கள்' என்று ஒன்றை உள்ளே விட்டார்களே, அதுதான் எனக்கு நெருடல். இங்கே செத்தவன் வேறு பிரபஞ்சத்திலிருந்து வேறு ஆளாக வருவான். அப்படியென்றால் இங்கே அழுத அழுகை எந்தக் கணக்கில்? வாராக்கடனை எல்லாம் தள்ளுபடி செய்கிற பாங்கில் ஒழுங்காகத் தவணை கட்டியவன்தான் ஏமாளி.

அதே பல பிரபஞ்ச வித்தையை நாணயமாகச் செய்த படமும் உண்டு. 2021-ன் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்'. மூன்று காலத்து ஸ்பைடர்மேன்களும் வருகிறார்கள். 2014 படத்தில் காதலியைப் பிடிக்க முடியாமல் தவறவிட்ட ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், இதில் அதே மாதிரி விழுகிற வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டு, முகம் கோணி அழுகிறார். ஏழு வருஷ பாக்கி! டாம் ஹாலண்ட் பையனோ, உலகத்தைக் காக்க எல்லோருக்கும் தன்னை மறக்கச் செய்துவிடுகிறான். காதலிக்கே அவனைத் தெரியாது. கடைசியில் ஓர் ஒண்டிக்குடித்தன அறை, ஒண்ணாம் தேதி வாடகை வந்துடணும் என்று ஹவுஸ் ஓனர், தானே தைத்துக்கொண்ட சட்டை. மேன்ஷன் வாசிகளே, உங்களில் ஒருவன்தான் இப்போது ஸ்பைடர்மேன்.

2024 ஜூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. ராபர்ட் டௌனி ஜூனியர் திரும்ப வருகிறார், ஆனால் அயன் மேனாக அல்ல, டாக்டர் டூம் என்ற வில்லனாக. நல்லது, வரட்டும். டோனி ஸ்டார்க் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். அந்த சீஸ்பர்கர் கணக்கில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

ஏனென்றால் நாமும் அப்படித்தான் வாழ்கிறோம். இந்த மாசம் போட்ட சண்டை அடுத்த மாசம் வருகிறது. கொடுத்த வாக்கு, வாங்கின கடன், பேசாமல் விட்ட நண்பன், எல்லாம் ஆரம்ப இருப்பில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நமக்கு வேறு பிரபஞ்சம் கிடையாது. பறக்கிற மனுஷனுக்கும் அதே சட்டம்தான் என்று சொன்ன படங்கள் இவை. அதனால்தான் அவன் பறந்ததை நம்பினோம்!