பாகற்காய்க்கு ஒரு ஓவர் இலவசம்!

மருந்து கம்பெனி ரெப் என்றால் எப்படி இருப்பார்? டை, தோல் பை, பளபள ஷூ. எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான். ஆனால் பைக்குள் சாம்பிள் மாத்திரைகளுக்கு நடுவே ஒரு டென்னிஸ் பந்து, ஒரு பாக்கெட் டிரான்ஸிஸ்டர்!

போன மாதம் திருவல்லிக்கேணி வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபத்திரண்டு வயசு.

வீட்டிலேயும் அவர் சேல்ஸ்மேன்தான். "இன்னிக்கு மட்டும் ஸ்பெஷல் ஆஃபர்! ரெண்டு துண்டு பாகற்காய் சாப்பிட்டா ஒரு ஓவர் பௌலிங் இலவசம்!" என்பார். நாங்கள் முழுங்கித் தொலைப்போம். மொட்டை மாடியில் சித்திதான் விக்கெட் கீப்பர். பந்து பக்கத்து மாடிக்குப் போனால் அவுட். அடித்தவன்தான் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்து வர வேண்டும்.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட், கடைசி நாள். ஜெயிக்க 348. பாவம் மனுஷர், விழுப்புரம் டூரில்! ஒரு டாக்டர் க்ளினிக் வாசலில் டிரான்ஸிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரெப்புகளுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல் தராத டாக்டர் அவர். திடீரென்று கதவு திறந்தது.

"யாருய்யா அது ரேடியோ வச்சிருக்கிறது?"

போச்சுடா என்று எழுந்தார் சித்தப்பா.

"உள்ளே வாங்க, சத்தமா வைங்க!"

மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆகி மேட்ச் 'டை'யில் முடிந்தபோது டாக்டர், கம்பவுண்டர், ஜுரத்தோடு வந்த நாலு பேர் எல்லோரும் அந்த ரூமுக்குள் இருந்தார்களாம். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பாடு அந்த டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனில் இவர் மருந்துதான்!

இதை நூறு தடவை சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டது வேறொன்று.

1999 ஜனவரி 31. ஞாயிற்றுக்கிழமை. மாதக் கடைசி. டார்கெட் கொஞ்சம் இடிக்கிறது. அதைத் தாண்டினால் இன்சென்டிவ். அந்தப் பணத்தில் புது ஃப்ரிட்ஜ் என்று சித்தி இடம்கூட ஒழித்து வைத்திருந்தார். "ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டிவிடு, அடுத்த மாசம் ரிட்டர்ன் எடுத்துக்கலாம்" என்று மேலிடத்து உத்தரவு. டார்கெட் வேலையில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்தப்பா என்ன பண்ணினார்? என்னையும் தன் பையனையும் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்!

பாகிஸ்தானுடன் டெஸ்ட், நாலாவது நாள். வேண்டியது 271. 82-க்கு 5 விக்கெட் காலி. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். அதற்கப்புறம் மடமடவென்று சரிந்து 12 ரன்னில் தோல்வி. நான் அழுதே விட்டேன். சித்தப்பா எழுந்து கை தட்டினார். ஸ்டேடியம் முழுக்க எழுந்து கை தட்டியது. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள்.

திரும்பும்போது, "சித்தப்பா... டார்கெட்?" என்றேன்.

"நானும் தோத்துட்டேன்டா. வா, பஜ்ஜி சாப்பிடலாம்."

அடுத்த வாரம் மெமோ வந்தது. அந்த வருஷப் பிரமோஷன் வரவில்லை. ஃப்ரிட்ஜும் வரவில்லை. சித்தி ரெண்டு நாள் பேசவில்லை. மேட்ச் பைத்தியத்தில் டார்கெட்டைக் கோட்டை விட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும், நான் உள்பட, இத்தனை வருஷம் நினைத்திருந்தோம்.

காரியத்தன்று விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய ஸ்டாக்கிஸ்ட்.

"அந்த ஜனவரியில என் கடை ஆட்டம் கண்டிருந்த நேரம்மா. கூட பத்துப் பெட்டி இறக்கியிருந்தா மூடியிருப்பேன். முந்தின நாள் போன் பண்ணி, 'உங்களுக்கு எவ்வளவு விக்கும்?'னு கேட்டாரு. ரெண்டு பெட்டின்னேன். ரெண்டுதான் போட்டாரு."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து விட்டார்.

"ஓ... மிச்சம் எட்டுப் பெட்டியிலதான் எங்க ஃப்ரிட்ஜ் இருந்ததா!"