புள்ளிக்குப் பின் என்ன?

ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர் ஒரு பொருளின் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். எடிட்டர் சட்டென்று ஒரு பெட்டியை விரித்து, அந்தப் பொருளிடம் என்னென்ன வேலை வாங்கலாம் என்று பட்டியல் போடும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினால் மீதி எழுத்துகள் தாமே விழும். எழுத்துப்பிழை வராது, பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். நல்ல வசதிதான், பட்டியல் குட்டையாக இருக்கும்வரை.

எக்லிப்ஸ் எடிட்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரைகிற லைப்ரரிக்கு எஸ்.டபிள்யூ.டி. என்று பெயர். அதில் ‘டெக்ஸ்ட்’ என்று ஒன்று உண்டு: படிவத்தில் பெயர், முகவரி அடிக்கிறோமே, அந்த வெள்ளைக் கட்டம். இத்தனூண்டு கட்டத்துக்கு நூற்றுக்கும் மேல் மெத்தடுகள், அதாவது அதனிடம் வாங்கக்கூடிய வேலைகள். சொந்தமாகச் சம்பாதித்தது கொஞ்சம், பாட்டன் பூட்டன் சொத்தாக வந்தது மிச்சம். ‘ஹாஷ்கோட்’, ‘வெயிட்’ போன்றவை ஜாவாவில் பிறந்த எல்லாப் பொருளுக்கும் உள்ளவை. ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்துக்கொண்டு அவற்றை யாரும் தேடிப் போவதில்லை. ஆனாலும் பட்டியலில் அவையும் உட்கார்ந்திருக்கும். கட்டம் திரையில் எங்கே, எவ்வளவு அகலத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ‘செட்லேஅவுட்டேட்டா’தான் அநேகமாக எல்லோருக்கும் வேண்டியது. அதுவோ ஆங்கில அகரவரிசைப்படி ‘எஸ்’ வரிசையில், எங்கோ அடியில் கிடக்கும்.

அகரவரிசையில் சாமான் அடுக்கிய மளிகைக்கடையை நினைத்துப் பாருங்கள். எந்த அண்ணாச்சியும் அப்படி அடுக்க மாட்டார். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை ஏலக்காய் டப்பாவுக்குப் போய்விடும். இதே மூன்றை வாங்கியவர்கள் அடுத்து என்ன கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எடிட்டருக்கும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியாதா?

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்செல் ப்ரூக், மார்ட்டின் மோன்பெரூஸ், மீரா மெசினி மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்து பார்த்தது. ஒரு மெத்தடை ஊரில் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, அதன்படி வரிசைப்படுத்தலாம். அது சுலபம், ஆனால் மந்தம். கடைக்கு வருகிற எல்லோரிடமும் ‘உப்பு வேணுமா?’ என்று கேட்பது மாதிரி. அவர்கள் அதையும் சோதித்துவிட்டு, இன்னொரு வழிக்கும் போனார்கள்.

எஸ்.டபிள்யூ.டி. லைப்ரரியை வைத்து ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களைத் திரட்டி, ‘டெக்ஸ்ட்’ வருகிற ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியாக மாற்றுகிறார்கள். எந்த மெத்தடுக்குள் இருக்கிறது, அங்கே என்னென்ன கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதும் பாதி நிரம்பிய ஒரு வரிதான். நிரம்பிய பாதியை மட்டும் பழைய வரிகளோடு ஒப்பிட்டு, மிகக் குறைவாக வேறுபடுகிற வரிகளைப் பொறுக்கி எடுக்கிறது கருவி. அப்படிப் பத்து வரி அகப்பட்டு, ஒன்பதில் ‘செட்லேஅவுட்டேட்டா’வும் நான்கில் ‘ஆட்மாடிஃபைலிஸனர்’உம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 90 சதவீதத்தோடு பட்டியலின் உச்சிக்கு வரும், அடுத்தது 40 சதவீதத்தோடு அதன் கீழே. அவ்வளவுதான் சூட்சுமம். இதில் கணக்கைவிட எதை ஒப்பிடுவது என்று தேர்ந்தெடுத்த புத்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் இடம் மாறினால் தேவை மாறுகிறது. உரையாடல் பெட்டியை வரைகிற ‘கிரியேட்டயலாக்ஏரியா’வுக்குள் இருக்கும்போது அந்த வெள்ளைக் கட்டத்தை நிறுத்தி வைக்கத்தான் பார்ப்போம். பயனர் ஓகே தட்டியதும் ஓடுகிற ‘ஓகேபிரஸ்டு’க்குள் இருந்தால், அதே கட்டத்தில் அவர் என்ன அடித்தார் என்று படிக்க வேண்டும், அங்கே வேண்டியது ‘கெட்டெக்ஸ்ட்’. பொருள் ஒன்று, புள்ளி ஒன்று, பட்டியல் இரண்டு.

இந்த ஆராய்ச்சி ‘கோடு ரெக்கமெண்டர்ஸ்’ என்ற பெயரில் எக்லிப்ஸுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மெத்தடின் பெயருக்குப் பக்கத்தில் சதவீதத்தையும் காட்டியது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த இன்டெலிகோடு, கிட்ஹப்பில் நூறு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய திறந்தமூல நிரல்களிலிருந்து படித்து, தன் பரிந்துரைகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டது. குறை இல்லாமல் இல்லை. நேற்று வந்த லைப்ரரிக்குப் பழைய வரிகள் கிடையாது. கருவி கையைப் பிசையும். நூறு பேர் செய்கிற தவறு நல்ல சதவீதத்தோடு மேலே ஏறி நிற்கவும் கூடும்.

2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தபின் பட்டியலே பழங்கதை ஆகிவிட்டது. மொழி மாதிரிகள் முழு வரியை, சில சமயம் முழு மெத்தடையே எழுதிவிடுகின்றன. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். இனி அது இல்லாமல் ஓடாது. ஆனால் பழைய கருவியிடம் ஒரு நேர்மை இருந்தது. லைப்ரரியில் உள்ளதை மட்டுமே அது மேலே கீழே நகர்த்தியது. இல்லாததைச் சொல்ல அதற்கு வழியே கிடையாது. புதியது, அடுத்து வரத் தோதான சொல் எது என்றுதான் பார்க்கிறது.

போன மாதம் பைத்தானில் தேதிகளைக் கையாளும் ஒரு லைப்ரரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கருவி ஒரு வரி எழுதித் தந்தது. மெத்தடின் பெயர் அத்தனை பொருத்தம். நானே பெயர் வைத்திருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன். ஓட்டினால் அந்த வரியில் முட்டி நின்றது. பதிப்பு பழசோ என்று புதுப்பித்தேன், அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன், அரைமணி நேரம் போனது. கடைசியில் பொருளின் பெயரை நானே அடித்து, ஒரு புள்ளி வைத்து, விரிந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு மெத்தடே அதில் இல்லை.