இரட்டையர் டென்னிஸ்: பந்தை விட்டுவிட்டு வலையோரம் பாருங்கள்

2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓப்பன் போட்டியின் கடைசி நாள். ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டத்தில் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற நால்வருமே இந்தியர்கள். ரோகன் போபண்ணாவும் சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனும் சேர்ந்து, பூரவ் ராஜா - திவிஜ் சரண் ஜோடியை 6-3, 6-4 என்று வென்றார்கள். ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) போட்டிகளில் ஜீவனுக்கு அதுதான் முதல் பட்டம், அதுவும் சொந்த ஊரில்.

அந்த ஆட்டத்தையே கையில் வைத்துக்கொண்டு, இரட்டையர் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். டென்னிஸே புதிது என்றாலும் பரவாயில்லை.

6-3, 6-4 என்றால் என்ன? நான்கு புள்ளி எடுத்தால் ஒரு கேம். அந்தப் புள்ளிகளை 15, 30, 40 என்று எண்ணுவார்கள். 40-க்குப் பிறகு எடுக்கும் புள்ளி கேமை முடித்துவிடும். ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், ஆனால் பொதுவாக எதிராளியைவிட இரண்டு கேமாவது முன்னே இருக்க வேண்டும். இரண்டு செட் வென்றால் ஆட்டம் உங்களுடையது.

இருவரும் 40-40 என்று சமமாக வந்தால்? ஒற்றையர் ஆட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுக்கும்வரை இழுத்துக்கொண்டே போகும். ஏடிபி இரட்டையரில் அப்படி இல்லை. ஒரே ஒரு புள்ளி, அதோடு கேம் முடிந்தது. சர்வீஸை (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் முதல் அடி) எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று வாங்கும் ஜோடி முடிவு செய்யலாம். ஆனால் இருவரும் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. அதாவது, நம் இருவரில் யார் இந்தப் பந்தை வாங்குவது என்பதுதான் உண்மையான கேள்வி. அந்த நேரத்தில் இருவரும் தலையைக் கிட்டே வைத்துப் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம்.

செட் 1-1 என்று நின்றால் மூன்றாவது செட் கிடையாது. பத்துப் புள்ளிக்கு ஒரு டை-பிரேக் (சமநிலையை உடைக்கும் குறுகிய ஆட்டம்); இதிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். நாளிதழில் 6-4, 3-6, 10-7 என்று பார்த்தால் குழம்பாதீர்கள், அந்தக் கடைசி எண் டை-பிரேக்கைக் குறிக்கிறது. ஆட்டம் நேரத்தோடு முடிய வேண்டும் என்று 2006-ல் இருந்து இப்படி. விம்பிள்டன், ஆஸ்திரேலிய ஓப்பன் போன்ற பெரிய போட்டிகளின் ஆண்கள் இரட்டையரில் மூன்றாவது செட்டை முழுதாகவே ஆடுகிறார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? சென்னை ஓப்பன் போன்ற போட்டிகளின் இரட்டையர் ஆட்டம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரை மணி தாமதமாகப் போனால் முதல் செட்டே போய்விடும்.

மைதானம் அகலமாகத் தெரிகிறதே? ஆம். இரு பக்கமும் 1.37 மீட்டர் கூடுதலாகச் சேர்கிறது, 8.23 மீட்டர் அகலம் 10.97 மீட்டராகிறது. ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் ஒற்றையரில் உள்ள அதே கட்டம்தான். இன்னொரு சந்தேகமும் பலருக்கு வரும்: மேஜைப் பந்தில்போல இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டுமா? தேவையில்லை. யாருக்கு வாகாக வருகிறதோ அவர் அடிக்கலாம். ஒரே பந்தை இருவரும் தொட்டால் மட்டும் புள்ளி போய்விடும்.

இனிதான் முக்கியமான இடம். சர்வீஸ் போடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அவருடைய ஜோடியைப் பாருங்கள். வலைக்கு அருகில் முழங்கால் மடித்துக் குனிந்து நிற்பார். பந்து கிளம்பும் முன் ஒரு கை முதுகுக்குப் பின்னால் போகும். மூடிய கை என்றால் இங்கேயே நிற்கிறேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்கிறேன் என்பது போல ஒரு சைகை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மொழி. பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகுதான் பந்தை மேலே எறிவார்.

அவர் குறுக்கே பாய்ந்தால் அவர் விட்ட பக்கம் காலியாகிவிடும். சர்வீஸ் போட்டவர் அந்தப் பக்கம் ஓடி அடைக்க வேண்டும். எதிராளி இதை முன்கூட்டியே ஊகித்துக் காலியான பக்கம் தட்டிவிட்டால் புள்ளி அவருக்கு. பாய்வது போலக் காட்டிவிட்டு நின்றுவிடுவதும் உண்டு. பந்தையே தொடாத ஒருவர் புள்ளியை வென்று தருவது இப்படித்தான். எனக்கு இரட்டையர் பிடித்ததே இதைக் கண்டுகொண்ட நாளில் இருந்துதான்.

இந்தச் சைகை தெரிய எங்கே உட்காருவது? பக்கவாட்டு இருக்கை வேண்டாம். மைதானத்தின் ஏதாவது ஒரு முனையில், ஆட்டக்காரருக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியிலும் கேமரா அங்கேதான் இருக்கும். உங்கள் பக்கம் நிற்கும் ஜோடி சர்வீஸ் போடும்போது கை தெளிவாகத் தெரியும்.

ஜீவன் இடக்கை ஆட்டக்காரர், போபண்ணா வலக்கை. எதிரே சரண் இடக்கை, ராஜா வலக்கை. இப்படி அமைவதில் பயன் உண்டா? நிறைய. இரண்டு கையின் சர்வீஸும் எதிரெதிர்ப் பக்கமாக வளையும், வாங்குபவருக்குக் கை பழகாது. இன்னொன்று வெயில். முனைகளை மாற்றிக்கொண்டே ஆடினாலும், சர்வீஸ் போடும் வரிசையால் ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையில் இருந்துதான் சர்வீஸ் போடுவார். எந்த முனையில் யாருக்குச் சூரியன் கண்ணில் குத்தாதோ, அப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம். நீங்கள் நண்பரோடு மாலையில் ஆடப்போனாலும் இது உதவும். செட் தொடங்கும் முன்பே பேசி முடிவெடுங்கள்.

பட்டம் வெல்ல எத்தனை ஆட்டம்? சென்னை ஓப்பனில் 16 ஜோடிகள் ஆடின, ஆகவே நான்கு வெற்றி தேவைப்பட்டது. தரவரிசைக்கான 250 புள்ளிகளை இருவரும் பாதிப் பாதியாகப் பிரிப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் முழு 250. பரிசுப் பணத்தைத்தான் பங்கிட்டுக்கொள்வார்கள். முதல் சுற்றிலேயே தோற்றால் புள்ளி எதுவும் இல்லை.

வயதானவர்கள் ஆடும் ஆட்டம் என்று யாராவது சொன்னால், அதில் பாதி உண்மை உண்டு. ஓட்டம் குறைவு, கணிப்பு அதிகம், அதனால் அனுபவத்துக்கு மதிப்பு. போபண்ணா 2024-ல் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையரை வென்றபோது அவருக்கு வயது 43.

நுங்கம்பாக்கத்தில் அந்த ஆண்கள் போட்டி இப்போது இல்லை. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து ஐந்து முறை வென்ற போட்டி, 2018-ல் புனேவுக்குப் போனது. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் மைதானம் இருக்கிறது, வேறு போட்டிகள் அங்கே நடக்கின்றன. அடுத்த முறை அட்டவணை வந்தால் இரட்டையர் ஆட்டம் என்றைக்கு என்று பாருங்கள். முனைப்பக்கம் இடம் பிடித்து, முதுகுக்குப் பின்னால் போகும் அந்தக் கையைத் தேடுங்கள்.