குளத்துக்கு மூச்சு
கண்ணுக்கு எளிதில் சிக்காத காற்றுக் குமிழ்கள் செத்த நீரை உயிர்ப்பிக்கின்றன. கிருமியை ஒழிக்குமா என்பது வேறு கேள்வி.

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைக்குள் நுழைந்தால் மாநிலம் மாறுகிறது. குளத்தோடு மக்களுக்குள்ள உறவு மாறுவதில்லை. குளிக்கவும் துவைக்கவும் வாழைக்குப் பாய்ச்சவும் அதுதான். அந்த உறவில் 2024 ஜூலையில் பயம் புகுந்தது. நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர் பஞ்சாயத்தில், கண்ணறவிளைக் குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் அமீபா மூளைக்காய்ச்சலுக்குப் பலியானார். மேலும் சிலர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குளத்தில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது.

தேங்கிய குளம் கெடுவதற்குக் காரணம் எளிமையானது. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு 8 மில்லிகிராம்கூட இல்லை. சாக்கடையும் செப்டிக் டேங்க் கசிவும் சேர்ந்தால் அதையும் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். பிறகு மீன் மிதக்கும், சேறு நாறும்.

இங்கேதான் நுண்குமிழ் கைகொடுக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் குமிழ் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் பத்தே விநாடியில் மேலே வந்து உடைந்துவிடும். 50 மைக்ரான் குமிழுக்கு, அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு உள்ளதற்கு, அதே தூரத்தைக் கடக்க இருபது நிமிடம் ஆகும். தவிர, அதே அளவு காற்றுக்கு நீரைத் தொடும் பரப்பு 40 மடங்கு அதிகம். காற்று வீணாகாமல் கரைகிறது. மின்கட்டணத்துக்கும் இது முக்கியம். பாக்டீரியாக்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை 1914இல் மான்செஸ்டரில் அறிமுகமானதிலிருந்து, காற்றூட்டுவதே அதன் பெரும் செலவு. இத்தகைய நிலையங்கள் பலவற்றில் மின்சாரத்தில் பாதி இதற்கே போகிறது. அழுத்தத்தில் காற்றைக் கரைத்துக் குமிழாக விடுவித்தால், பாசியும் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிக்கொண்டு மிதந்து வரும், வழித்து எடுத்துவிடலாம். ஐரோப்பாவில் குடிநீர் நிலையங்களே பல பத்தாண்டுகளாக இப்படிச் செய்கின்றன.

ஆனால் கண்ணறவிளையின் பயத்துக்கு இது மருந்தல்ல. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அந்த அமீபாவும் பிராணவாயுவை நம்பி வாழும் உயிர்தான். காற்று அதைக் கொல்லாது. காற்றுக்குப் பதில் ஓசோனைக் குமிழாக்கினால் கிருமிகள் சாகும். செலவும் பராமரிப்பும் பஞ்சாயத்துக்குத் தாங்காது. மலிவான குளோரின்தான் இன்றும் கைகண்ட ஆயுதம். 2025 ஆகஸ்டில் 'ஜலமாணு ஜீவன்' இயக்கத்தைத் தொடங்கிய கேரள அரசு, கிணறுகளிலும் தொட்டிகளிலும் அதைத்தான் போடச் சொன்னது.

இதைவிடப் பெரிய சிக்கல் குளத்துக்கு வெளியே இருக்கிறது. திருவனந்தபுரம் நகரின் சாக்கடைக்கு முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் உண்டு. எல்லைக் கிராமங்களின் வீட்டுக் கழிவுக்கோ செப்டிக் டேங்க்தான் கதி. அது குளத்துக்கு வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு குமிழ் விட்டாலும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.